வெளியே கம்பெனி, உள்ளே இழுவை: பழைய கார் கேள்வி – பதில்

பழைய கான்டெஸா, அம்பாசடர் வைத்திருக்கும் குமரி மாவட்ட வாசகர்கள் பலர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்: பார்க்கிறவர் கண்ணுக்கு வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், ஓட்டுகிறவர் காலுக்கு மட்டும் வித்தியாசம் தெரிய வேண்டும். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த கான்டெஸாவை ‘நம்ம ஊர் மசில் கார்’ என்று சொல்வார்கள். நீளமான பானெட், பின்சக்கர இழுவை, பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் வம்சத்து உடல். அந்தப் பெயருக்கு இவைதான் காரணம், இன்ஜின் அல்ல. அதனால்தான் இத்தனை கேள்விகள்.

கேள்வி: இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜின் உள்ள கான்டெஸா வாங்கியிருக்கிறேன். பிக்கப் பத்தவில்லை. கார்பரேட்டரில் ஆரம்பிக்கவா, சைலன்சரில் ஆரம்பிக்கவா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டிலும் வேண்டாம். 1817 சி.சி. இசுசு இன்ஜின் புதிதில் சுமார் 88 குதிரைத்திறன் தந்தது. முப்பது வருடம் ஓடிய வண்டியில் அதில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் மேலே எதை மாட்டினாலும் காசு வீண். தொலைந்ததை முதலில் மீட்டெடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும் என்று தோன்றிவிடும்.

வண்டியைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று செல்ஃப் அடித்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். நான்குக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் இழுவை இல்லையென்றால் மூன்று இடம் பார்க்க வேண்டும். ஒன்று, ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, கார்பரேட்டர் த்ராட்டில் முழுக்கத் திறக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். இழுபட்ட கேபிளும், பெடலுக்கு அடியில் போட்ட தடித்த மேட்டும் கால்வாசித் திறப்பைத் தின்றுவிடும். இரண்டு, இரட்டைத் தொண்டை கார்பரேட்டரில் இரண்டாவது தொண்டை திறக்கிறதா? வருடக்கணக்காக மெதுவாகவே ஓட்டப்பட்ட வண்டியில் அந்த ஸ்பிண்டில் கரி பிடித்து இறுகியிருக்கும். பாதி இன்ஜினோடு ஓடுவதற்குச் சமம் அது. மூன்று, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். டைமிங் லைட்டைப் பிடித்து ஆக்சிலேட்டரைக் கூட்டும்போது புல்லிக் குறி முன்னேற வேண்டும். நகராமல் நின்றால் உள்ளே இருக்கும் எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன. வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்தட்டு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

இவை சரியான பிறகு வரிசை இது: உடல், பிரேக், கூலிங், இக்னிஷன், கடைசியில்தான் இன்ஜினின் சுவாசம். தலைகீழாகப் போகிறவர்கள்தான் பாதியில் விற்கிறார்கள்.

கேள்வி: வீடு கடற்கரைக்கு அரைக் கிலோமீட்டர். கீழே தார் கோட்டிங் அடித்தால் துரு நிற்குமா?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: ஏற்கெனவே துரு இருக்கும் தகட்டின் மேல் தார் அடித்தால் துருவுக்குப் போர்வை போர்த்தியதுபோல ஆகும். விரிசல் வழியே இறங்கும் உப்பு ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே தின்னும். வெளியே பளபளப்பு, உள்ளே சல்லடை.

கான்டெஸாவுக்கு லாரிபோலத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடலே சேஸிஸ். கதவுக்குக் கீழ் ஓடும் சில், தரைத்தகடு, பின் சஸ்பென்ஷன் கைகள் உடலோடு சேரும் இடம், முன் கிராஸ்மெம்பர் போல்ட் சுற்றுவட்டம் ஆகியவற்றை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் தகடு, ‘பொத்’ என்றால் பட்டி அல்லது துரு. காந்தமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. அழுகிய பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்ய வேண்டும். மேலே ஒரு ஒட்டுப் போட்டு மூடுவது வேலை அல்ல. வெல்டு செய்யும்முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள். சில் வெட்டும்போது கதவு இடைவெளி மாறாமலிருக்க உடலுக்கு உள்ளே முட்டுக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பிறகு கதவு சாத்தாது.

அதன் பிறகு எபாக்சி பிரைமர், பெயிண்ட், குழிவான பகுதிகளுக்குள் மெழுகுத் தெளிப்பு. சில்லின் அடியிலும் கதவின் அடியிலும் இருக்கும் வடிகால் துளைகளை அடைக்க விடாதீர்கள். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. உள்ளே போன தண்ணீர் வெளியேற அதுதான் வழி. முட்டம், சொத்தவிளை என்று கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவுங்கள். கடலோரக் கிணற்றின் உவர்த்தண்ணீர் ஆகாது.

கேள்வி: என்னுடையது 1.5 இன்ஜின் கான்டெஸா. ஜப்பான் கார் ஒன்றின் இரண்டு லிட்டர் இன்ஜின் விலைக்கு வருகிறது. மாட்டலாமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பொறியியலாக முடியும். சட்டம் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு ஆர்.சி. முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க முடியும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் இன்ஜின் எண்ணைத்தான்.

அதே கம்பெனி அதே மாடலில் கொடுத்த 1.8 இன்ஜினை மாட்டினாலும் ஆர்.சி.யில் சி.சி.யும் இன்ஜின் எண்ணும் மாறும். ஆகவே இன்ஜினை வாங்கும் முன்பே, விற்பவரின் ஆவணங்களோடு உங்கள் மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் இருக்கும் இன்ஜினைச் செப்பனிடுங்கள். அடுத்த பதில் உங்களுக்கும் பொருந்தும். 1.5 கான்டெஸாவில் இருப்பதும் அம்பாசடரின் அதே 1489 சி.சி. இன்ஜின்தான்.

கேள்வி: தாத்தா காலத்து அம்பாசடர். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினிலேயே இழுவையைக் கூட்ட வழி உண்டா? பானெட்டைத் திறந்தாலும் பழையது மாதிரியே இருக்க வேண்டும்.
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: நல்ல கேள்வி, நல்ல இன்ஜினும்கூட. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) பி-சீரிஸ் அது. 1950-களில் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இதே 1489 சி.சி. இன்ஜின் இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன், வேறு கேம்ஷாஃப்டோடு 72 குதிரைத்திறன் வரை தந்தது. உங்கள் வண்டியில் வருவது 50-ஐ ஒட்டி. அந்த இடைவெளியில் பாதியை வெளியே தெரியாமல் பிடிக்கலாம்.

இந்த ஹெட்டின் குணத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நான்கு சிலிண்டருக்கு உள்ளிழுக்கும் துளை இரண்டே இரண்டு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் ஒரே துளையைப் பங்கு போடுகின்றன. புகை வெளியேற மூன்று துளை. எனவே துளையைக் குடைந்து பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து, ஏற்றத்தில் இழுக்கும் சக்திதான் போகும். துளையைத் தொடாமல், மேனிஃபோல்டும் கேஸ்கெட்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் இருக்கும் படியை மட்டும் மட்டப்படுத்துங்கள். வால்வு சீட்டை 30, 45, 60 டிகிரி என மூன்று கோணத்தில் வெட்டச் சொல்லுங்கள். உட்கார்ந்து அடைக்கும் 45 டிகிரிப் பட்டையின் அகலம் உள்வால்வில் ஒன்றரை மி.மீ.க்குள்ளும், புகைவால்வில் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. வரையும் இருக்கட்டும். புகைவால்வின் சீட் ஒல்லியாகிவிட்டால் சூடு இறங்க வழியில்லாமல் வால்வு கருகும்.

ஹெட் லேத்துக்குப் போகும்போதே புகைவால்வுகளுக்குக் கடினச் சீட் வளையம் அடித்துவிடுங்கள். இந்த வார்ப்பிரும்பு ஹெட் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. நம் நாட்டில் அது 2000-இல் நின்றது. ஈயப் பூச்சு இல்லாத சீட் மெல்ல உள்ளே தேய்ந்து இறங்கும், வால்வு இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். ‘மாதாமாதம் டாப்பெட் வைக்க வேண்டியிருக்கிறது’ என்பவர்களின் நோய் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து கம்ப்ரஷன். கண் மதிப்பில் ஹெட்டைச் சீவ விடாதீர்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 சி.சி. ஹெட் குழி, கேஸ்கெட், பிஸ்டன் மேல் இடம் எல்லாம் சேர்த்து அளக்க வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் வைத்து ஒட்டி, பியூரெட்டால் மண்ணெண்ணெய் விட்டால் குழியின் அளவு தெரியும். மொத்தம் 60 சி.சி. வந்தால் கம்ப்ரஷன் விகிதம் 7.2. அதை 8.3 ஆக்க 51 சி.சி.க்கு இறக்க வேண்டும், அதாவது 9 சி.சி. குறைய வேண்டும். அவ்வளவையும் சீவியே எடுத்தால் ஹெட் மெலிந்துவிடும், புஷ்ராட் நீளமும் ஒத்துவராது. போர் அடிக்கும் வேளையில் மேல்மட்டம் குழியாத பிஸ்டன் போட்டு மீதியை மட்டும் சீவுவதே முறை. 8.3-ஐத் தாண்ட வேண்டாம். ஏற்றத்தில் நான்காம் கியரில் மிதித்தால் ‘கிளிங் கிளிங்’ என்று தட்டும் சத்தம் கேட்டால் டைமிங்கை இரண்டு டிகிரி பின்னுக்கு வையுங்கள். கேட்டும் ஓட்டினால் பிஸ்டன் ரிங் மேடு உடையும்.

கிராங்குக்கு மெயின் பேரிங் மூன்றுதான். ஃப்ளைவீலும் கிளட்ச் பிரஷர் பிளேட்டும் கிராங்கோடு சேர்த்து பேலன்ஸ் செய்யுங்கள், 5,000 சுற்றுக்கு மேல் முறுக்காதீர்கள். பேலன்ஸுக்கு ஆகும் செலவு வெளியே துளியும் தெரியாது, ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்குத் தெரியும். ஆயில் 20டபிள்யூ-50 போதும். டாப்பெட்டும் கேமும் உரசி ஓடும் இன்ஜின் என்பதால் ஜிங்க் கூடுதலாக உள்ள ஆயில் வாங்குங்கள். புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயில் கேமின் முகட்டை மழித்துவிடும்.

கார்பரேட்டரும் கறுப்பு ஏர் ஃபில்டர் டப்பாவும் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: பேச்சிப்பாறைப் பக்கத் தோட்டத்திலிருந்து நான்கு பேரும் சாமானுமாக இறங்கும்போது அம்பாசடர் பிரேக் கடைசி வளைவுகளில் பிடிப்பதில்லை. டிஸ்க் மாற்றலாமா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: பிடிக்காமல் போவது இரண்டு விதம். பெடல் கடினமாகவே இருந்து வண்டி நிற்காவிட்டால் லைனிங் சூடேறிப் பிடிப்பு இழந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல உள்ளே போனால் ஃப்ளூயிட் கொதித்திருக்கிறது. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்.

பிரேக் ஃப்ளூயிட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர ஃப்ளூயிட் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140. டாட் 4-க்கு அது 230, 155. வருடத்தில் பாதி மழை பெய்யும் உங்கள் பக்கத்தில் வருடம் ஒருமுறை டாட் 4 மாற்றினாலே பஞ்சுப் பெடல் நோய் பெரும்பாலும் தீரும். முன் டிரம்மில் ஷூவுக்கு ஒன்றாக இரண்டு அட்ஜஸ்டர் உண்டு. ஒன்றை மட்டும் திருகிவிட்டு அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பழைய லைனிங் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.

டிஸ்க் தான் வேண்டுமென்றால், பிற்கால அம்பாசடரில் வந்த முன்சக்கர டிஸ்க்கின் ஹப், ஸ்டப் ஆக்சில், கேலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எல்லாவற்றையும் ஒரே வண்டியின் செட்டாக எடுங்கள். பழைய வீல் கப்பை மாட்டினால் வெளியே எதுவும் தெரியாது. துண்டு துண்டாகச் சேர்த்தால் இரண்டு சிக்கல் வரும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் லைனில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருக்கும். டிஸ்க்கோடு அது சேர்ந்தால் பேடு எப்போதும் உரசி, பத்து கிலோமீட்டரில் சக்கரம் கொதிக்கும். இன்னொன்று, மாஸ்டர் சிலிண்டர் விட்டம். 5/8 அங்குலத்திலிருந்து 3/4-க்குப் போனால் பரப்பு 44 சதவீதம் கூடும். பெடல் குறைவாக இறங்கும், ஆனால் அதே அழுத்தத்துக்கு 44 சதவீதம் கூடுதல் பலத்தோடு மிதிக்க வேண்டும். பூஸ்டர் இல்லாத வண்டியில் பெரிய மாஸ்டர் போட்டுவிட்டு ‘டிஸ்க் போட்டும் பிடிக்கவில்லை’ என்பது இதனால்தான்.

வேலை முடிந்ததும் ஆளில்லாத, நனைந்த சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்திப் பாருங்கள். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்னால் பூட்டக் கூடாது. பூட்டினால் மலைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். மேலே ஏறும்போது போட்ட அதே கியரில் இறங்குவது எந்த டிஸ்க்குக்கும் மேலான பிரேக்.

கேள்வி: மேம்பாலத்துக்கு அடியில் நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். இன்னமும் ஏறுகிறது.
– ஒரு வாசகர், குழித்துறை

பதில்: ஏறத்தான் செய்யும். நிற்கும் வண்டியில் குறைவது தண்ணீர் ஓட்டமல்ல, காற்றோட்டம். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாமல் நெடுஞ்சாலையில் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், போர் தேயும், ஆயில் சேறாகும்.

ஃபேனைச் சுற்றிய ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் வழியே இழுக்க வைக்கும் கூடு) இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் எப்போதோ கழற்றி எறியப்பட்டிருக்கும். அது இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியே இழுக்காமல் பக்கத்துச் சூட்டுக் காற்றையே சுழற்றும். ரேடியேட்டரின் மேல் டேங்கைப் பிரித்து மூன்று வரிசைக் கோர் போட்டு, பழைய பித்தளை டேங்குகளையே ஈயம் வைத்துக் கறுப்பு அடித்தால் கம்பெனி ரேடியேட்டர்தான். கிரில்லுக்குப் பின்னால் மெல்லிய எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றை 90 டிகிரி சுவிட்சோடு வைக்கலாம், வெளியே தெரியாது. மூடியின் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். ஆனால் பழைய கோரில் அழுத்தம் கூடிய மூடி மாட்டினால் முதலில் கிழிவது ஹீட்டர் குழாய். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி.

கேள்வி: இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு வண்டி குலுங்குகிறது, சூட்டில் ஸ்டார்ட் ஆவதில்லை.
– ஒரு வாசகர், இரணியல்

பதில்: எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜன் கொண்டது, எனவே கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளையான ஜெட் அதே அளவில் இருந்தால் கலவை மெலிகிறது. கலப்பில்லாத பெட்ரோலுக்கு வைத்த ஜெட் என்றால் எட்டு சதவீத அளவு எரிபொருள் கூட வேண்டும். துளையின் விட்டத்தில் அது நான்கு சதவீதம். சோலெக்ஸ் கார்பரேட்டரில் ஜெட் எண் என்பது மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு, அதனால் 115 இருந்தால் 120. ஏற்கெனவே பத்து சதவீதக் கலப்புக்கு வைத்திருந்தால் பாதி போதும். மாற்றியபின் நெடுஞ்சாலையில் ஓட்டி நிறுத்தி பிளக்கைப் பாருங்கள். சாம்பல் வெள்ளை என்றால் இன்னும் மெலிவு, காப்பிக்கொட்டை நிறம் சரி. ஊசியால் ஜெட்டைக் குடையாதீர்கள், பித்தளை ஜெட் விலை குறைவுதான்.

பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் ஊறவைத்து உதிர்க்கும். எத்தனால் தாங்கும் குழாயாக, டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். பெட்ரோல் கசியும் இடம் புகைக்குழாயின் பக்கமாக இருந்தால் வண்டியே போகும். சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்குக் கார்பரேட்டருக்கு அடியில் 6 மி.மீ. பேக்கலைட் பேக்கிங் உதவும். அதிகம் ஓட்டாத வண்டியில் டேங்கை நிறைத்தே வையுங்கள். காலி இடத்தில் ஈரக்காற்று புகுந்தால் தண்ணீர் அடியில் பிரிந்து தங்கி டேங்கைத் துருவாக்கும்.

கேள்வி: இரவில் ஹெட்லைட் மங்கல். அதிக வாட் பல்பு போடலாமா?
– ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: வேண்டாம், பழைய சுவிட்ச் உருகும். மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். பல்பின் முனையில் அளந்து பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஹைக்கு ஒன்று, லோவுக்கு ஒன்று என இரண்டு ரிலே, 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ். அதே 60/55 வாட் பல்பு புதுசாக எரியும்.

கேள்வி: அகலமான டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?
– ஒரு வாசகர், கன்னியாகுமரி

பதில்: வெளிவிட்டம் மாறினால் காட்டும். அகலத்தை உயர சதவீதத்தால் பெருக்கி, இரட்டித்து, ரிம் விட்டத்தை மி.மீ.யில் கூட்டுங்கள். 175/80 ஆர்14 என்றால் 636 மி.மீ., 195/65 ஆர்15 என்றால் 635. இரண்டும் ஒன்றே. 185/70 ஆர்14 போட்டால் 615 ஆகிவிடும், முள் மூன்று சதவீதம் கூடுதலாகக் காட்டும், இன்ஜினும் அதே அளவு கூடுதலாகச் சுற்றும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஆள் ஏற்றியும் உரசல் பாருங்கள்.

கேள்வி: என் அம்பாசடரில் கழற்றிய பழைய பாகங்களை ஆக்கர்கடையில் (பழைய இரும்புக் கடையில்) போட்டுவிடவா?
– ஒரு வாசகர், தோவாளை

பதில்: ஒரு போல்ட்டைக்கூடப் போடாதீர்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களை விண்டேஜ் என்று பதிய 2021-இல் விதி வந்தது. சேஸிஸ், உடல், இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1984 கான்டெஸாவுக்கே அந்த வயது 2034-இல்தான் வரும். தோவாளையில் நிற்கும் உங்கள் அம்பாசடர் 1984-க்கு முந்தையதென்றால் அந்த வயதுக்கு அதற்கு முன்பே வந்துவிடும். டிரம், கார்பரேட்டர், பழைய பாயிண்ட் செட், ஹெட் எல்லாவற்றையும் கழுவி, உலர்த்தி, கிரீஸ் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, எந்த வண்டியில் எந்தப் பக்கம் என்று அட்டை கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். வருடம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், பிரித்துப் பார்த்துக் கிரீஸ் மாற்றுங்கள்.